தேன்பெட்டியும் மாட்டுக் கம்மலும்

கருங்கல்லிலிருந்து மார்த்தாண்டம் பத்து கிலோமீட்டர் இருக்கும். பழைய ஆட்கள் இன்னும் தொடுவெட்டி என்றுதான் சொல்வார்கள். எனக்கு அங்கே போக இப்போது ஒரே காரணம் தேன். கடையில் பளபளப்பான பாட்டில்களில் விற்பதை என் மனைவி வாங்க விடமாட்டாள். மார்த்தாண்டத்துத் தேன்தான் வேண்டும். போன மாதம் அப்படிப் போனபோது கூட வந்த பேரன் கேட்டான்: "தாத்தா, தேனுக்கெல்லாம் எதுக்கு ஒரு சொசைட்டி?" பஸ்ஸில் திரும்பி வரும்போது சொல்லிக்கொண்டு வந்தேன். கருங்கல் வந்தும் முடியவில்லை. மீதியை இங்கே எழுதுகிறேன். நான் குமாஸ்தாவாக இருந்த காலத்தில் செய்த ஒரு காரியமும் இதில் வருகிறது. அதை இதுவரை எங்கும் எழுதியதில்லை.

முதலில் எங்கள் வீட்டுக் கதை. என் தாத்தாவுக்கு கருங்கல் பக்கம் நாற்பது சென்ட் விளை இருந்தது. தென்னை, சுற்றிலும் பனை, இடையில் மரச்சீனி. திருவிதாங்கூரில் 1865ஆம் ஆண்டுப் பட்டம் விளம்பரத்துக்குப் பிறகு சர்க்கார் நிலத்தில் பயிர் செய்தவர்களுக்கு அந்த நிலமே சொந்தமானது. விற்கலாம், வாங்கலாம், அடகும் வைக்கலாம். விளவங்கோடு, கல்குளம் பக்கம் இத்தனை சிறு சிறு விளைகள் இருப்பதற்கு அது ஒரு பெரிய காரணம். நில உரிமை கிடைத்தது பெரிய நன்மை என்று எல்லோரும் எழுதுகிறார்கள். நன்மைதான். ஆனால் அடகு வைக்க ஒரு பொருள் கையில் வந்ததும் கடன் கொடுக்கிறவனும் வாசலுக்கு வந்துவிட்டான் என்பதையும் சேர்த்து எழுதவேண்டும்.

எங்கள் பக்கம் இருந்த முறை ஒற்றி. பணம் கொடுத்தவன் வட்டிக்குப் பதிலாக நிலத்தை வைத்துக்கொண்டு தேங்காய் வெட்டுவான். முதலைத் திருப்பிக் கொடுத்தால் நிலம் திரும்பும். தேங்காயும் கிழங்கும் அவன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்போது முதலை எங்கிருந்து கொடுப்பது? தாத்தா தன் தங்கை கல்யாணத்துக்காக விளையை ஒற்றி வைத்தார். அதன் பிறகு 1930களின் மந்தம். தேங்காய் விலை விழுந்தது. விளை திரும்பவில்லை. சென்னை மாகாணத்தில் ராஜாஜி 1938இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தார், ஆனால் நாங்கள் திருவிதாங்கூர் மகாராஜாவின் பிரஜைகள். அது எல்லைக்கு அந்தப் பக்கத்துச் சமாச்சாரம்.

அந்த ஒற்றிப் பத்திரம் மலையாளத்தில் கொல்லம் ஆண்டு போட்டு எழுதியது. இன்னும் என்னிடம் இருக்கிறது. அதனால்தான் அப்பா பிழைப்புத் தேடிப் புதுச்சேரிக்குப் போனார். நெசவாலை ஒன்றில் கணக்கு எழுதினார். அதனால்தான் நான் பிரெஞ்சில் படித்தேன். ஒரு கல்யாணச் செலவு எங்கெல்லாம் கொண்டு போய் விடுகிறது பாருங்கள்.

பிரெஞ்சுப் பள்ளியில் 'கேஸ்' என்று ஒரு சொல் படித்தோம். பெட்டி என்று பொருள். பிறகு ஒரு நாள் வாசிப்புப் பாடத்தில் ஒரு விவசாயி 'கேஸ்' போய்ப் பணம் வாங்கி விதை வாங்கினான் என்று வந்தது. பெட்டிக்குள் எப்படிப் போவான் என்று பின்வரிசையில் சிரித்தோம். வாத்தியார் விளக்கினார். அங்கே ஒரு கிராமத்து உழவர்கள் சேர்ந்து தங்கள் சேமிப்பை ஒரு பொதுப் பெட்டியில் போடுவார்கள், தேவைப்பட்டவன் அதிலிருந்து கடன் எடுப்பான், அந்தப் பெட்டிக்கும் சங்கத்துக்கும் ஒரே பெயர் என்றார். எங்கள் அம்மா போட்டுவந்த சிட்டி மாதிரி என்று எனக்குத் தோன்றியது. சொல்ல வெட்கப்பட்டுச் சொல்லவில்லை.

பிற்காலத்தில் அதைத் தேடிப் படித்தேன். பிரான்சில் ஜூரா மலைப்பக்கம் சாலென் என்ற சிற்றூரில் 1885இல் லூயி மில்சான் என்பவர் அப்படி ஒரு சங்கத்தைத் தொடங்கினார். 1894 நவம்பரில் அதற்கென்று சட்டம் வந்தது. 1897இல் அரசு பிரான்ஸ் வங்கியின் உரிமையைப் புதுப்பிக்கும்போது ஒரு நிபந்தனை போட்டது. நான்கு கோடி பிராங்க் பணத்தை உழவர் கடனுக்காக முன்பணமாகத் தரவேண்டும், ஆண்டுதோறும் லாபத்தில் ஒரு பங்கும் தரவேண்டும். 1899இல் அந்தப் பணத்தைப் பிரித்துக் கொடுக்க வட்டார வங்கிகள் அமைத்தார்கள். கிராமத்துப் பெட்டி, அதன் மேல் வட்டாரப் பெட்டி. இன்று உலகின் பெரிய வங்கிகளில் ஒன்றான கிரெடி அக்ரிகோல் இப்படி வளர்ந்ததுதான்.

அதற்கும் முந்தியது ஜெர்மனி. ரைஃபைசன் என்பவர் ஒரு சிறிய மலைக் கிராமத் தொகுதியின் தலைவர். நம்மூர்க் கணக்கில் பஞ்சாயத்துத் தலைவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1846-47 பஞ்சத்தில் வசதியுள்ளவர்களிடம் பணம் திரட்டி, மாவு வாங்கி, ரொட்டி சுட்டு ஏழைகளுக்குக் கடனாகக் கொடுத்தார். பிறகு மாடு வாங்கக் கடன் கொடுக்கும் சங்கம் வைத்தார். பணக்காரர்களின் தர்மத்தில் ஓடும் சங்கம் நீடிக்காது என்று சில வருஷங்களில் கண்டுகொண்டார். அதனால் 1864இல் ஹெடெஸ்டோர்ஃபில் கடன் வாங்குகிறவர்களே உறுப்பினர்களாக இருக்கும் சங்கத்தை அமைத்தார். ஒரு சங்கத்துக்கு ஒரு சிறிய வட்டாரம். எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்திருக்க வேண்டும். நிர்வாகிகளுக்குச் சம்பளம் கிடையாது. ஒருவன் கடனைக் கட்டாவிட்டால் மற்ற எல்லோரும் தங்கள் சொத்து முழுவதையும் வைத்துப் பொறுப்பு. கடைசி விதி கடுமையானது, ஆனால் வேலை செய்தது அதுதான். பக்கத்து வீட்டுக்காரன் வாங்கிய கடனில் மாடு வாங்கினானா, கள்ளு குடித்தானா என்று பார்க்க இன்ஸ்பெக்டர் தேவைப்படவில்லை.

இதையெல்லாம் இந்தியாவுக்குச் சொன்னவர் பிரடெரிக் நிக்கல்சன், சென்னை மாகாணத்து ஐ.சி.எஸ். அதிகாரி. 1895லும் 1897லும் இரண்டு தொகுதிகளாக ஓர் அறிக்கை கொடுத்தார். ஐரோப்பா முழுவதும் என்ன செய்கிறார்கள், நம் ஊர் நிதிகள் என்ன செய்கின்றன என்று அலசிவிட்டு, கடைசியில் சட்டத்தைவிட ஒரு ரைஃபைசனைத்தான் நாம் தேடிக் கண்டுபிடிக்கவேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். இதே மனிதர்தான் பின்னால் சென்னை மாகாண மீன்வளத்துறைக்கும் அடிப்படை போட்டார். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அந்த ஆண்டே திருவள்ளூர் பக்கம் திரூரில் சங்கம் பதிவானது. திருவிதாங்கூரில் 1914இல் தனிச் சட்டம் வந்தது. பரஸ்பர சகாய சங்கம், ஐக்கிய நாணயச் சங்கம் என்றெல்லாம் அப்போது பெயர்.

சட்டம் கிடைத்தது, ரைஃபைசன் கிடைத்தாரா என்பது வேறு கேள்வி. அரை நூற்றாண்டு கழித்து ரிசர்வ் வங்கி ஒரு பெரிய கணக்கெடுப்பு நடத்தியது. கோர்வாலா தலைமையில் 1954இல் அறிக்கை வந்தது. இந்திய உழவன் வாங்கிய கடனில் கூட்டுறவுச் சங்கங்கள் கொடுத்தது நூற்றுக்கு 3.1. அரசாங்கம் 3.3. வட்டிக்காரர்கள் கிட்டத்தட்ட 70.

இந்த இடைப்பட்ட காலத்தில்தான் மார்த்தாண்டம் வருகிறது.

சேலத்தில் பிறந்த கே.டி.பால் என்பவர் ஒய்.எம்.சி.ஏ.வின் தேசியப் பொதுச் செயலாளரான முதல் இந்தியர். 1930இல் முதல் வட்டமேஜை மாநாட்டுக்கு லண்டன் போனவர், அடுத்த ஆண்டே இறந்துபோனார். அவர்தான் நகரத்து வாலிபர்களுக்கான அந்தச் சங்கத்தைக் கிராமத்துக்குத் திருப்பியவர். முதலில் அவர் கையில் எடுத்தது கடன் சங்கம்தான். கிராமங்களில் சங்கங்கள் அமைத்து, அவற்றுக்குப் பணம் கொடுக்கச் சென்னையில் கிறிஸ்தவர்களுக்கான ஒரு மத்திய கூட்டுறவு வங்கியையும் ஏற்படுத்தினார். சில ஆண்டுகளில் ஒன்று தெரிந்தது. சங்கத்தில் வாங்கிய கடன் பழைய கடனை அடைக்கப் போகிறது. வட்டி குறைகிறது, சரி. ஆனால் வருமானம் கூடவில்லை என்றால் புதுக் கடனை எதைக் கொண்டு அடைப்பான்? என் தாத்தாவுக்குக் குறைந்த வட்டிக்குப் பணம் கிடைத்திருந்தாலும் நாற்பது சென்டில் அதே தேங்காய்தானே காய்த்திருக்கும்.

அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் மார்த்தாண்டத்தில் ஒரு கிராமப் புனரமைப்பு மையம் தொடங்கினார்கள். நடத்த வந்தவர் ஸ்பென்சர் ஹேட்ச் என்ற அமெரிக்கர், கார்னெல் பல்கலைக்கழகத்து ஆள். வேளாண்மை விரிவாக்கப் பாடப்புத்தகங்களில் 1921 என்று ஆண்டு போட்டிருக்கும். அடுத்த ஆண்டு வங்காளத்தில் தாகூர் ஸ்ரீநிகேதனைத் தொடங்கினார். அதை நடத்த வந்த எல்ம்ஹர்ஸ்டும் கார்னெலில் படித்தவர். காந்தியின் கிராமக் கைத்தொழில் சங்கம் 1934இல்தான் வருகிறது. நம் தொடுவெட்டிச் சந்தைக்குப் பக்கத்தில் நடந்த ஒன்று இந்த வரிசையில் முன்னால் நிற்கிறது என்பது இங்கே பள்ளிக்கூடம் போன எனக்கு முன்னும் பின்னும் உள்ள யாருக்கும் சொல்லித்தரப்படவில்லை.

மையத்தில் என்ன இருந்தது? பொலிகாளை, நல்ல இன ஆட்டுக்கிடா, சேவல்கள், தேன்பெட்டிகள், விதை போட்டுக் காட்டும் பாத்திகள், ஒரு நெசவுக் கொட்டகை. இவற்றை யாருக்கும் தானமாகக் கொடுக்கவில்லை. ஹேட்சின் முக்கியமான கொள்கையே அதுதான். தானாக உழைக்கிறவனுக்குப் பக்கத்தில், விஷயம் தெரிந்த ஒருவன் நண்பனாக நிற்கவேண்டும். அதற்கு மேல் செய்தால் கெடுத்துவிடுவோம். காளைக்கு ஒரு கிளப், தேனுக்கு ஒரு கிளப், நெசவாளிக்கு ஒரு கிளப். ஒருவனால் பொலிகாளை வாங்க முடியாது, ஒரு கிளப்பால் முடியும்.

முட்டைக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் கோழி பெண்களின் சொத்து. மூன்று கோழி, ஐந்து கோழி. வாரத்துக்குப் பத்து முட்டை. வீட்டுவாசலில் வந்து நிற்கும் வியாபாரி சொன்னதுதான் விலை. முட்டை கெட்டுப்போகும் என்ற பயம் விற்கிறவளுக்குத்தான், வாங்குகிறவனுக்கு இல்லை. ஹேட்ச் செய்தது இவ்வளவுதான். முட்டைகளை ஓரிடத்தில் சேர்த்தார்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்துக் கெட்டதைக் கழித்தார்கள். அளவு வாரியாகப் பிரித்தார்கள். பிறகு நகரத்துக்கு அனுப்பினார்கள். நம்பி வாங்கலாம் என்று தெரிந்ததும் நகரத்துக்காரன் கூடுதல் விலை கொடுத்தான். கடனும் இல்லை, மானியமும் இல்லை. வந்த கூடுதல் காசு அந்தப் பெண்ணின் கைக்கே போனது. 1939இல் அந்த முட்டை விற்பனைச் சங்கம் தன்னைத் தானே நிர்வகிக்கும் கூட்டுறவுச் சங்கமானது. வந்தவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். அரசுத் திட்டங்களில் நான் பார்க்காத வார்த்தை இது, ஒதுங்கிக்கொள்வது.

தேனும் அப்படித்தான். பழைய முறையில் மரப்பொந்தில் புகை போட்டு, அடையைப் பிய்த்துப் பிழிவார்கள். புழுவும் மகரந்தமும் சேர்ந்து வரும், சீக்கிரம் புளிக்கும், ஈக்கூட்டமும் போய்விடும். 1910களில் திருச்சியில் நியூட்டன் என்ற பாதிரியார் நம் நாட்டு ஈயின் அளவுக்கு ஒரு சிறிய பெட்டி செய்திருந்தார். கீழறையில் ஈ குஞ்சு வளர்க்கும், மேலறையில் தேன் சேர்க்கும். மேலறைச் சட்டங்களை மட்டும் எடுத்துச் சுழல் எந்திரத்தில் வைத்துச் சுற்றினால் தேன் தெறித்து வந்துவிடும், அடை உடையாது. திருப்பி வைத்தால் ஈ மறுபடி அதையே நிரப்பும். உள்ளூர் ஆசாரியே பெட்டி செய்துவிடுவார். எறும்பு ஏறாமல் நான்கு காலுக்கும் தண்ணீர்க் கிண்ணம் வைத்தால் போதும். நிலமே வேண்டாம், வேலி ஓரம் போதும். ஈக்கு அண்டை வீட்டு எல்லையும் கிடையாது, பட்டாவும் கிடையாது. ஆனால் எந்திரம் ஆளுக்கு ஒன்று வாங்கமுடியாது, விற்பனையும் தனியாக முடியாது. அதற்குத்தான் சங்கம். பேரனுக்கு நான் சொன்ன பதில் இதுதான்.

பிற்பாடு ரப்பர் பெருகியபோது இந்தத் தொழில் பெரிதானது. ரப்பர் மரம் குளிர்காலத்தில் இலை உதிர்த்துத் துளிர்விடும்போது, பூவிலிருந்து அல்ல, இலைக்காம்பிலிருந்தே இனிப்பு நீர் கசியும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை. அந்த நாட்களில் நம் ஆட்கள் பெட்டிகளை லாரியில் ஏற்றிக் கேரளத்துத் தோட்டங்களுக்குக் கொண்டு போவார்கள்.

ஹேட்சின் காரியத்தில் குறை இல்லாமல் இல்லை. பணம் போதாது, அரசின் உதவி போதாது, அதனால் எல்லை சுருங்கியே இருந்தது. ஒரு தனி மனிதரின் உற்சாகத்தில் எவ்வளவு ஓடியது, ஊரின் உற்சாகத்தில் எவ்வளவு ஓடியது என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. ஆனால் பரோடா சமஸ்தானம் 1932இல் கோசம்பாவில் ஒரு மையம் தொடங்கியபோது மார்த்தாண்டத்தைத்தான் முன்மாதிரியாகக் கொண்டது. அவர் எழுதிய புத்தகங்களில் முதலாவது 1932லும் இரண்டாவது 1938லும் வந்தன. இரண்டும் ஆங்கிலம். ஓய்வு பெற்ற பிறகுதான் படித்தேன். அதற்கு முன்னால் படித்திருந்தால் என்று தோன்றிய ஓர் இரவு உண்டு. அந்த விஷயத்துக்கு வருகிறேன்.

நான் பதினேழு வயதில் ஊர் திரும்பினேன். பிரெஞ்சுச் சான்றிதழை வைத்துக்கொண்டு இங்கே என்ன செய்வது? தனியாக எஸ்.எஸ்.எல்.சி. எழுதி, 1972இல் அரசு வேலையில் சேர்ந்தேன். அப்போதும் ஏழுக்குக் குறுக்கே ஒரு கோடு போடுவேன், பிரெஞ்சுப் பழக்கம். என் முதல் மேலாளர் அது ஏழா அடித்த எண்ணா என்று கேட்டுப் பில்லைத் திருப்பி அனுப்பினார். 1980களின் தொடக்கத்தில் இந்த மாவட்டத்திலேயே ஓர் அலுவலகத்தில் கடன் கோப்புகள் என் மேஜையில் இருந்தன. ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம். 1980 அக்டோபர் 2 முதல் நாடு முழுவதும் எல்லா வட்டாரங்களுக்கும் வந்தது. ஜனங்கள் வைத்த பெயர் மாட்டு லோன். சிறு விவசாயிக்கு விலையில் நூற்றுக்கு 25 மானியம், குறு விவசாயிக்கும் கூலிக்கும் மூன்றில் ஒரு பங்கு. மீதி வங்கிக் கடன்.

திட்டத்தைக் குறை சொல்லமாட்டேன். ஜாமீன் இல்லாத ஏழைக்கு வங்கியின் கதவு முதல்முறை திறந்தது அதில்தான். கோளாறு இலக்கில் இருந்தது. ஆண்டுக்கு இத்தனை மாடு என்று மேலிருந்து வரும். மார்ச் மாதத்துக்குள் முடிக்கவேண்டும்.

1983இல் ஒரு விதவை வந்தார். வயது நாற்பது இருக்கும். என்னைவிட மூத்தவர் என்பதால் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். கணவர் தேன்பெட்டி வைத்திருந்தவர், பனையிலிருந்து விழுந்து இறந்தவர். இவருக்கும் பெட்டி பார்க்கத் தெரியும். வீடு நிற்கும் இடத்தோடு சேர்த்து ஆறு சென்ட்.

"எனக்கு மாடு வேண்டாம் சாரே. புல்லுக்கு நான் எங்க போவேன்? பத்துப் பெட்டி வாங்க லோன் தந்தா போதும்."

என் மேஜையில் இருந்த அந்த ஆண்டுப் பட்டியலில் கறவை மாடு, ஆடு, தையல் எந்திரம் இருந்தன. தேன்பெட்டி இல்லை. அதைச் சேர்க்கச் சொல்லி மேலே எழுதலாம். தடையில்லை. எழுதினால் பதில் வர மூன்று மாதம் ஆகும், அதற்குள் மார்ச் முடியும், என் இலக்கில் ஒன்று குறையும். நான் சொன்னேன்: "அக்கா, இப்போ மாட்டை எடுங்க. பெட்டிக்குப் பிறகு பார்ப்போம்." மாட்டின் விலை மூவாயிரம். ஆயிரம் மானியம், இரண்டாயிரம் கடன்.

மாடு வாங்கியதும் காதில் ஒரு வில்லை அடிப்பார்கள், இன்சூரன்சுக்காக. ஜனங்கள் அதை மாட்டுக் கம்மல் என்பார்கள். மாடு செத்தால் கம்மலும் வேண்டும், கால்நடை மருத்துவர் அறுத்துப் பார்த்துக் கொடுக்கும் சான்றிதழும் வேண்டும். இதை நான் வாயால் சொன்னேனா, அச்சடித்த தாளைக் கையில் கொடுத்ததோடு விட்டேனா என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். தாளைத்தான் கொடுத்தேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது.

ஒன்பது மாதம் கழித்து வந்தார். முந்தானையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து என் மேஜையில் வைத்தார். கம்மல். கழுவித் துடைத்திருந்தது. வயிறு வீங்கி இரண்டு நாளில் மாடு செத்துப்போனது. மழைக்காலம், நாறும் என்று அக்கம்பக்கத்தார் சேர்ந்து அன்றே புதைத்துவிட்டார்கள்.

"டாக்டர் சர்ட்டிபிகேட்?"

"அது வேணும்னு எனக்குத் தெரியாது சாரே. இதத் தந்தா போதும்னு நெனச்சேன்."

விதி விதிதான். சான்றிதழ் இல்லாததால் இழப்பீட்டுக்குப் பரிந்துரைக்க இயலாது என்று குறிப்பு எழுதினேன். அதிகாரி கையெழுத்துப் போட்டார். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று அந்த அலுவலகத்தில் பெயர். குறிப்பில் ஒரு பிழை கிடையாது. கம்மலைக் கோப்போடு சேர்த்துக் கட்டினேன்.

மாடு இல்லை, கடன் இருந்தது. அந்த ஆண்டுகளில் எங்கள் பட்டியலில் கடன் கட்டாதவர்கள் நிறையப் பேர். சிலர் மாடே வாங்காமல் ஒரே மாட்டை வீட்டுக்கு வீடு கட்டிக் காட்டியவர்கள். யாரும் அவர்களை ஒன்றும் செய்யவில்லை. 1986இல் வங்கியிலிருந்து வந்த விவர அறிக்கையில் இந்த அக்காவின் கணக்கு முடிந்தது என்று இருந்தது. தவணைக்கு முன்பே. அண்டி ஆபீசுக்கு முந்திரி உடைக்கப் போய்க் கட்டினாராம். அதை எனக்குச் சொன்னவர் அவர் ஊர்க்காரரான எங்கள் அலுவலகக் காவலாளி.

தேன்பெட்டிக்கு நான் பிறகு பார்க்கவில்லை. மாற்றலாகிப் போய்விட்டேன்.

1990களின் தொடக்கத்தில் நாட்டு ஈக்களுக்குத் தாய்லாந்துச் சாக்குப்புழு நோய் என்று ஒரு வைரஸ் வந்தது. புழுக்கள் தோல்பையில் தண்ணீர் நிறைத்த மாதிரி ஊதிச் செத்தன. மாவட்டம் முழுவதும் பெட்டிகள் காலியாகி நின்றன. அப்போது ஒரு கணம் எனக்குள் ஒரு ஆறுதல் வந்தது. பெட்டி கொடுத்திருந்தாலும் போயிருக்கும்தானே என்று. அந்த ஆறுதலைப் பற்றி எனக்கே வெட்கம். இடையில் ஏழெட்டு ரப்பர் துளிர் பருவங்கள் போயிருந்தன. தவிரவும், நோயைத் தாண்டி மிஞ்சிய கூட்டங்களைப் பிரித்துப் பெருக்கித் தொழிலை மீட்டது அவரைப் போல ஈயைத் தெரிந்தவர்கள்தான். அரசு அலுவலகம் அல்ல.

பிறகு எத்தனையோ வந்தன. 1992இல் நபார்டு வங்கி 500 சுய உதவிக் குழுக்களை வங்கிகளோடு இணைத்துச் சோதனை செய்தது. அதைப் பார்த்தபோது ரைஃபைசனை ஒருவழியாகக் கண்டுபிடித்துவிட்டார்கள், அவர் சேலை கட்டியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பத்துப் பதினைந்து பெண்கள், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கேட்பார்கள். அதுவும் இப்போது சில இடங்களில் தனியார் கடன் நிறுவனங்களின் வாராந்தர வசூலாக மாறிவிட்டதைப் பார்க்கிறேன். கூட்டுறவுக் கடன்களை அரசு பலமுறை தள்ளுபடி செய்தது, 2021இல் 12,110 கோடி ரூபாய். கஷ்டத்தில் இருந்தவனுக்கு அது மூச்சு. ஆனால் தவணை தவறாமல் கட்டியவன் வாசலில் உட்கார்ந்து பேப்பரில் அதைப் படிக்கும்போது என்ன நினைப்பான் என்பதை எந்த அறிக்கையிலும் காணோம். 2019 முதல் வருஷத்துக்கு 6,000 ரூபாய் நேரடியாக வருகிறது. பட்டா தன் பேரில் இருக்கவேண்டும். தாத்தா பேரிலேயே கிடக்கும் எங்கள் பக்கத்து விளைகளில் அது எத்தனை பேருக்கு இருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலர்களுக்குத் தெரியும்.

எங்கள் பக்கத்துக் கோயில்களில் அறுப்புப் பண்டிகை நாளில் முதற்பலன் ஏலம் நடக்கும். ஒரு வாழைக்குலை, ஒரு சேவல், ஒரு குப்பித் தேன். சந்தை விலையைப்போல மூன்று மடங்குக்கு ஏலம் போகும். போன தலைமுறைப் பெண்கள் உலையில் அரிசி போடும்போது ஒரு பிடி தனியே எடுத்து வைப்பார்கள், பிடியரிசி. எத்தனையோ பிள்ளைகளின் படிப்பும் எத்தனையோ வீட்டுக் கூரையும் அந்தப் பிடியரிசியில் வந்தவை. ஊரிடம் பணம் இல்லை என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன்.

அந்த அக்காவை 1995 வாக்கில் கருங்கல் சந்தையில் பார்த்தேன். நான் ஏத்தங்காய் விலை கேட்டுக்கொண்டிருந்தேன். அவர்தான் முதலில் பேசினார். "சாரே, சுகமா? பிள்ளைக படிக்குதா?" என்றார். பெரியவள் நர்சிங் படிக்கிறாள் என்றேன். நல்லது என்றார். கூடையில் என்னவோ வைத்திருந்தார், மூடியிருந்தது. மாட்டைப் பற்றியோ லோனைப் பற்றியோ அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

ஹேட்சின் முதல் புத்தகத்தை முடித்த அன்று இரவு அந்தக் கோப்பின் ஞாபகம் வந்தது. இருபது வருஷத்துக்கு மேல் ஆன கோப்பு, அழித்திருப்பார்கள். மறுநாள் ஓய்வூதிய வேலையாக அந்தப் பக்கம் போனபோது ஆவண அறைக்காரரிடம் கேட்டும் பார்த்தேன். சிரித்தார். "பழைய கட்டெல்லாம் எடைக்குப் போட்டாச்சு சார். இரும்பு, தகரம்னு ஏதாச்சும் இருந்தா தனியா எடுத்திருப்பான்" என்றார்.